நான்காம் வரிசையின் பாட்டு

நேற்று உன் ஐந்தாம் வருஷப் படையலில் உன் மகள் அந்த ஜப்பான் பாட்டைப் போட்டாள். கிட்டார் சத்தம் கேட்ட அடுத்த நொடி உன்னோடு பேக்டரியில் வேலை செய்த நாங்கள் ஆறு பேரும் எழுந்து நின்றுவிட்டோம்.

ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுந்ததல்ல. சூடம் காட்டி முடித்து, பாயில் உட்கார்ந்து, அவரவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். உன் படத்துக்கு முன்னால் ஆட்டுக்கறியும் நெத்திலிச் சம்பலும் இருந்தன. நீ விடாமல் வாங்கிக் குடிக்கும், பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் காப்பியும் இருந்தது. பை வேர்த்து இலையெல்லாம் தண்ணீர். அப்போதுதான் ஷர்மிளா கைப்பேசியை ஒரு சின்ன ஸ்பீக்கரோடு சேர்த்து, "அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு" என்று சொல்லித் தட்டினாள். எனக்கு இப்போது முழங்கால் வலி. பாயிலிருந்து எழ இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். அந்தப் பாட்டுக்கு நான் ஒருவர் தயவும் இல்லாமல் எழுந்து நின்றேன். ராஜேஸும் நின்றாள். வாசல் பக்கம் நாற்காலியில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்த காம்சியாவும் நின்றாள். அவள் மலாய்க்காரப் பெண், படையல் முறை எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டு தெரியும். நின்றவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பார்க்கத்தானே செய்வார்கள். நான்காம் வரிசையில் அந்தப் பாட்டு வந்தால் ஓட வேண்டியவள் நான்.

ஷர்மிளா நாங்கள் நிற்பதைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் படத்தைப் பார்த்துக் கைகூப்பி அவளும் எங்களோடு நின்றாள். நாங்கள் உனக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். பாட்டு நாலு நிமிஷத்துக்கு மேல் ஓடியது. வேலை செய்த காலத்தில் அதை அவ்வளவு நேரம் நான் ஓடவிட்டதே இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தெங்கேராவில் நான் வேலை செய்யும் லாண்டரிக் கடைக்கு லீவு. காலையில் இருந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல் இல்லை. நடந்ததை ஐந்து வருஷமாக மற்றவர்களிடம் வேறு மாதிரி சொல்லி வந்தேன். உன்னிடம் நடந்தபடி சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நம் இருவருக்கும் அந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினார்களே, அது ஞாபகம் வருகிறது. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். எஸ்டேட்டை விற்று ஆட்களைக் கிளப்பியபோது நீ கல்யாணமாகிப் பாச்சாங்குக்கு வந்துவிட்டாய், நானும் பின்னாலேயே வந்தேன். ஜப்பான்காரர்களின் பேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று நீதான் கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கார்களுக்குள் போகும் வயர்களைக் கட்டாகச் சேர்க்கும் வேலை. பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். அது நம்மைத் தாண்டுவதற்குள் நம் பங்கு வயர்களைச் சொருகிவிட வேண்டும். முடியவில்லை என்றால், வயர் மாறிப்போனால், கையில் அடிபட்டால், உடம்புக்கு ஏதாவது என்றால், தலைக்கு மேல் நீளமாக ஓடும் கயிற்றை ஒரு இழு இழுக்க வேண்டும். வரிசை நிற்கும், விளக்கு எரியும், பாட்டு வரும்.

வரிசைக்கு ஒரு பாட்டு. எந்த வரிசையில் சிக்கல் என்று லீடர் காதாலேயே தெரிந்துகொண்டு ஓடி வருவதற்காக அப்படி வைத்திருந்தார்கள். லீடர் வந்து பட்டனை அமுக்கினால்தான் பாட்டு நிற்கும். முதல் வரிசைக்குக் குழந்தைப் பாட்டு, இரண்டாவதுக்குப் பிறந்தநாள் பாட்டு. மூன்றாவதுக்கு என்னவோ ஐஸ்கிரீம் வண்டிக்காரன் மாதிரி. நம் நான்காம் வரிசைக்கு மட்டும் டமார் என்று ஒரு ராக் பாட்டு. முதல் முறை கேட்டபோது நீ கையில் இருந்த வயரைக் கீழே போட்டுவிட்டாய்.

அதை வைத்தவர் என்ஜினியர் மொரிட்டா சான். ஒல்லியான மனிதர், காலை உடற்பயிற்சிக்கு நம்மோடு வரிசையில் நின்று கையை ஆட்டுவார். அவருடைய ஊரில் இரண்டே பேர் கொண்ட ஒரு குழு. ஒருவர் பாடுவார், ஒருவர் கிட்டார் வாசிப்பார். அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஒரு பாட்டு கடை கடையாக விற்றுத் தீர்ந்ததாம். ஜப்பான் முழுக்க அதைப் பாடாத வாயே இல்லையாம். ஏன் சார் இந்தப் பாட்டு என்று நீ கேட்டதற்கு அவருக்குத் தெரிந்த மலாயில் பதில் சொன்னார். "இனி லாகு, டெங்கார், காக்கி லாரி." இந்தப் பாட்டைக் கேட்டால் கால் ஓடும். அதற்குத்தான் வைத்தேன் என்றார்.

மற்றவர்களுக்கு அது அபாய மணி. உனக்கு மட்டும் அது பாட்டாகவே இருந்தது. "பத்து செகண்டோட அத்துப் போவுதே, மீதி எங்க சார்?" என்று அவரை நச்சரித்து ஒரு சிடி வாங்கிவிட்டாய். ஷர்மிளாவின் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்த ஜப்பான் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பஸ்ஸில் மனப்பாடம் செய்தாய். அர்த்தம் கேட்டபோது மொரிட்டா சான் தலையைச் சொறிந்து கையை விரித்துவிட்டார். நீ கவலைப்படவே இல்லை. "தெரிஞ்சா என்னா, தெரியாட்டி என்னாலா. நல்லாருக்குல்ல?" என்றாய்.

அந்த வருஷம் கம்பெனி டின்னரில் நாம் இரண்டு பேரும் மேடை ஏறினோம். உன் வீட்டுக்காரருடைய கல்யாணக் கோட்டு உனக்கு, வாடகைக்கு எடுத்த கோட்டு எனக்கு. வயர் வரும் பெட்டியின் அட்டையை வெட்டி எனக்கு ஒரு கிட்டார் செய்து கொடுத்தாய். எனக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது. "நீ சும்மா சொறிஞ்சிக்கிட்டு நில்லுடி, நான் பாத்துக்கறேன்" என்றாய். நீ பாடினாய். ஒரு வார்த்தை பிசகாமல், கழுத்து நரம்பு தெரிய, கண்ணை மூடிக்கொண்டு பாடினாய். பாட்டு பாதியில் மொரிட்டா சான் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். மூன்றாம் பரிசு ஒரு சோற்றுப் பானை, கரண்டில் வேகுவது. உன் வீட்டில் நேற்றும் அதில்தான் சோறு ஆக்கியிருந்தார்கள்.

அதற்கு மறுவருஷம் லீடர் வேலைக்கு நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். நீ உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாய். "எனக்கு ஆளுங்கள விரட்டத் தெரியாதுடி. நீ பொறந்ததுலேர்ந்து அதத்தான செஞ்சிக்கிட்டிருக்க" என்றாய். அன்றிலிருந்து நான் உனக்கு லீடரம்மா. கிண்டலாகத்தான் சொல்வாய், ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. எஸ்டேட்டில் நம் வீட்டில் எவரையும் யாரும் அம்மா சேர்த்துக் கூப்பிட்டதில்லை. தொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கோட்டை எத்தனை முறை தடவிப் பார்த்தேன் என்று உனக்கும் தெரியாது.

மொரிட்டா சான் இருந்தவரை கயிறு இழுத்தால் குற்றமில்லை. இழுத்தவளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்பார். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த மேனேஜர் வேறு மாதிரி. ஒவ்வொரு இழுப்பும் ஆபீஸ் போர்டில் ஏறியது. ஒரே நாளில் மூன்று முறை என்றால் அந்த வரிசை சிவப்பு. சிவப்பு வாங்கிய லீடர் மறுநாள் காலை எல்லா வரிசைக்கும் முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். முதல் முறை நான் அப்படி நின்றதை நீ பார்த்தாய். மதியச் சாப்பாட்டில் நான் அழுததையும் பார்த்தாய்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. யாரும் திட்டம் போடவில்லை. ஒருத்திக்கு முடியவில்லை என்றால் கயிற்றை இழுக்க மாட்டாள், லேசாகச் செருமுவாள். பக்கத்தில் இருப்பவள் அவள் பங்கையும் சேர்த்துச் சொருகுவாள். காம்சியா ஒருநாள் கட்டை விரலில் கம்பி ஏறி, ரத்தம் வடிய, கையுறையை மாற்றிப் போட்டுக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை நின்றாள். நம் ஆட்கள் இப்படித்தான். மெஷினை நிறுத்த ஒரு கூச்சம். நம்மில் ஒருத்திக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிவு வரக்கூடாது என்றால் வலியை விழுங்கிக்கொள்வோம். நம் வரிசைக்கு நல்ல பெயர் வந்தது. போர்டில் பச்சை. மேனேஜர் என் தோளைத் தட்டினார். நான் அந்தப் பழக்கத்தைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்காகத்தான் செய்கிறார்கள் என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரம் ஜப்பானில் இருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தது. நடந்தது அதற்கு முந்தின நாள், புதன்கிழமை. காலையிலேயே புதிய வயர் மாற்றத்தில் குழப்பம், பகலுக்குள் இரண்டு இழுப்பு ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் நான் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டேன். "தயவு செஞ்சி இன்னிக்கி யாரும் கயித்தத் தொடாதீங்கலா. நாளைக்கி அவங்க முன்னாடி நான் நிக்க முடியாது." நீதான் முதலில், "யாரு தொடப்போறா, நீ சாப்புடு" என்றாய். உன் தட்டில் சோறு அப்படியே இருந்தது. கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

மூணு இருபதுக்குப் பாட்டு வந்தது.

நான் சாமான் அடுக்கும் மூலையில் இருந்தேன். பதினோரு வருஷ வேலையில் அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை. இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும். உனக்காக ஓடவில்லை. யார் இழுத்தார்கள் என்று கூட எனக்கு அப்போது தெரியாது. ஆபீஸில் இருப்பவர்கள் காதில் விழுவதற்குள் அந்தப் பாட்டை நிறுத்த ஓடினேன். வந்ததும் பட்டனை அமுக்கினேன். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். நீ கயிற்றை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாய்.

உள்ளே ஏர்கான் குளிர் எலும்பில் ஏறும். எல்லாரும் சட்டைக்குள் சட்டை போட்டிருப்போம். உனக்கு மேலுதட்டிலும் கழுத்திலும் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"ஒரு மாதிரியா இருக்குடி. தாடையெல்லாம் இழுக்குது. கொஞ்ச நேரம் உக்காரட்டுமா? பத்து நிமிஷம்."

"இன்னும் நாப்பது நிமிஷந்தாண்டி. ஷிப்ட் முடிஞ்சிரும். பஸ்ல படுத்துக்க."

நீ என் முகத்தைப் பார்த்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் உட்கார வைத்திருப்பேன் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ கயிற்றை விட்டுவிட்டு, "சரி லீடரம்மா" என்று சொல்லிக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தாய். பலகை மறுபடி நகர்ந்தது. ராஜேஸ் உன் பங்கையும் சேர்த்துச் சொருகியதை நான் பார்த்தேன். நீ கயிறு இழுக்கிற ஆளே இல்லை. அத்தனை வருஷத்தில் இரண்டு தடவை இழுத்திருப்பாய், இரண்டு தடவையும் மற்றவர்களுக்காக. அன்றைக்கு உனக்காக இழுத்தாய். எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வரிசை நின்றால் காரணம் எழுத ஒரு புத்தகம் உண்டு. நான் அதில் "தெர்சிலாப் தாரிக்" என்று எழுதினேன். கை தவறி இழுத்துவிட்டார் என்று அர்த்தம். கை தவறி இழுத்தது கணக்கில் வராது. போர்டு பச்சையாகவே இருந்தது.

நாலே காலுக்குப் பஸ் புறப்பட்டது. நீ ஜன்னல் பக்கம், நான் உன் பக்கத்தில். வழக்கமாகப் பஸ் ஏறியதும் உன் வாய் மூடாது. அன்று தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாய். பாவம், களைத்துவிட்டாள் என்று நினைத்து நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தோள் மரத்துப்போனது. பாச்சாங் ஸ்டாப்பில் உன்னை எழுப்பினேன். மறுபடி எழுப்பினேன். டிரைவர் பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். எந்த இடத்தில் நீ போனாய் என்று எனக்குத் தெரியாது. என் தோளில் இருக்கும்போதே போய்விட்டாய்.

உன் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே இருந்தார். முதலில் வந்தது ஷர்மிளாதான், பள்ளிக்கூடச் சட்டையோடு. டாக்டர் அவளைப் பார்த்துத் தயங்கிவிட்டு என்னிடம்தான் கேட்டார். மாரடைப்பு, சில மணி நேரம் முன்பே வலி இருந்திருக்கும், யாரிடமாவது சொன்னாரா என்று. உன் மகள் என் கையைப் பிடித்திருந்தாள். "சித்தி, அம்மா எதாச்சும் சொன்னாங்களா?" என்றாள்.

"இல்லம்மா. ஒண்ணுமே சொல்லல. நல்லாத்தான் இருந்தா."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் சொல்லிவிட்டது. சொன்னபிறகு அதைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. ராஜேஸும் காம்சியாவும் மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். நான் சொன்னதைக் கேட்டார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றிப் பழகியவர்கள், அங்கேயும் என்னைக் காப்பாற்றினார்கள்.

அதற்குப் பிறகு என்னால் லீடராக இருக்க முடியவில்லை. பாட்டு வந்தால் கால் ஓடாது, அப்படியே நின்றுவிடுவேன். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தொப்பியை வாங்கிக்கொண்டு சாமான் கட்டும் பக்கம் அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் முன்பு வரிசைகளையே மூடிவிட்டார்கள். வேலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. ராஜேஸ் கிளேபாங்கில் நாசி லெமாக் சோறு கட்டி விற்கிறாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில். வருஷத்துக்கு ஒருநாள் உன் படையலில்தான் எல்லாரும் ஒன்றாகப் பார்க்கிறோம்.

உனக்குச் செய்த இன்னொரு கெடுதலையும் எழுதிவிடுகிறேன். அது முதலாவதைவிடச் சின்னது இல்லை. உன் மகள் இந்த ஐந்து வருஷமும் உன்மேல் கோபமாக இருந்தாள்.

நான் அப்போது அதை எதிர்பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவுக்கு மணிக்கணக்கில் வலித்திருக்கிறது, ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதுதான். முதல் வருஷப் படையலில் அழவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். "அவ்ளோ வீம்பு சித்தி அவங்களுக்கு. ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருந்தா பொழச்சிருப்பாங்க. நான் வீட்ல இருக்கேன்னு நெனப்பே இல்ல" என்றாள். நர்ஸ் படிப்பில் சேர்ந்த பிறகு இன்னும் மோசம். தாடை வலி, வேர்வை, பெண்களுக்கு மாரடைப்பு எப்படி வரும் என்பதெல்லாம் படித்துவிட்டு வந்து என்னிடமே பாடம் சொன்னாள். சொல்லாமல் போனதற்கு உன்னை மறுபடி திட்டினாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தேன், பரீட்சைக்குக் கூடப் போனேன், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக்கொண்டு ஓடினேன். உன் இடத்தில் நின்று எல்லாம் செய்தேன், இந்த ஒன்றைத் தவிர.

இந்த வருஷம் அவளாகவே இறங்கி வந்தாள். போன வாரம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்த நோட்டு கிடைத்ததாம். "அம்மா சமைக்கறப்ப பாடுவாங்களே, அந்தப் பாட்டு. போன்ல தேடிக் கண்டுபுடிச்சிட்டேன். இந்த வருஷம் மன்னிச்சிடலாம்னு பாக்கறேன் சித்தி" என்றாள். எதற்காக உன்னை மன்னிக்கிறாள்? நீ செய்யாத ஒன்றுக்காக.

நேற்று எல்லாரும் சாப்பிட்ட பிறகு நான் பின்பக்கம் அடுப்படியில் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் இலைகளைச் சுருட்டிப் பையில் போட்டபடி வந்தாள். முகம் அழுது தெளிந்து, சின்ன வயதில் இருந்த மாதிரி இருந்தது.

"சித்தி, பாட்டு போட்டதும் எல்லாரும் எழுந்து நின்னீங்களே. எனக்கு என்னமோ ஆயிருச்சி. அம்மாமேல அவ்ளோ மரியாதையா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. அவளே பதிலையும் கையில் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ராஜேஸ் தட்டுகளோடு கதவில் நின்றாள். என்னைப் பார்த்தாள், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள். நான் எதைச் சொன்னாலும் அவள் ஒத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

கையில் சோப்பு நுரையோடு நான் சொன்னேன். கயிறு, பாட்டு, பட்டன், புத்தகத்தில் எழுதியது, ஆஸ்பத்திரியில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். நோயாளியின் பக்கத்தில் நின்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"எத்தன மணிக்கு?"

"மூணு இருபது."

"வேர்த்திருந்துச்சா?"

"வேர்த்திருந்துச்சிம்மா."

"தாடைன்னு சொன்னாங்களா, நெஞ்சுன்னு சொன்னாங்களா?"

"தாடை இழுக்குதுன்னா. உக்காரட்டுமான்னு கேட்டா."

"எத்தன மணிக்கு பஸ் ஏறினீங்க?"

"நாலே கால்."

அவள் உதடு அசைந்தது. கூட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பேக்டரியில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம், அவளே அந்த வழியில்தான் தினமும் வேலை பழகப் போகிறாள்.

"அப்ப அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள்.

அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். உன் படத்துக்கு முன்னால் நெற்றி தரையில் படக் குப்புற விழுந்து, "சொன்னீங்களாம்மா... சொன்னீங்களாம்மா..." என்று அழுதாள். ஐந்து வருஷத்து அழுகை. உன் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு அடுப்படி வாசலிலேயே நின்றேன். தொடப் போகவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியவில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள், குரலை உயர்த்தவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க, ஆன்ட்டி."

நடக்கப் பழகிய நாளில் இருந்து என்னைச் சித்தி என்று கூப்பிட்ட பிள்ளை. ஆன்ட்டி என்பது பசாரில் காய்கறி விற்பவளையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவளையும் கூப்பிடுவது. நான் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். காம்சியா வாசல்வரை கூட வந்தாள்.

உன் மகளுக்கு இனி உன்மேல் கோபம் இல்லை. அடுத்த வருஷம் உன் படையலில் அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டாள். நான் அங்கே இருக்கப் போவதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று ஐந்து வருஷமாக நினைத்திருந்தேன். லேசாகவில்லை. நீ என்னிடம் கேட்டது பத்து நிமிஷம், அதுவும் உட்காருவதற்கு. அதைத் தராதவள் என்றுதான் இனி உன் பிள்ளை என்னை நினைப்பாள். சரியாகத்தான் நினைக்கிறாள்.